இரையைக் குறிக்கும் ‘பிரே’: பொருளும் வழக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்துப் பள்ளிகளிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்புகளிலும் ஆங்கிலப் பத்திகளைத் தமிழாக்கும் மாணவர்கள், வேட்டையாடப்படும் விலங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் மீண்டும் மீண்டும் தடுமாறுகிறார்கள். ‘பிரே’, ‘கேம்’, ‘குவாரி’ ஆகிய மூன்றையும் ‘இரை’ என்றே எழுதிவிடுவோர் ஒரு பக்கம் என்றால், ‘கேம்’ என்பதை விளையாட்டு என்றும் ‘குவாரி’ என்பதைக் கல்குவாரி என்றும் கொண்டு பத்தி முழுவதையும் குழப்பிவிடுவோர் மறுபக்கம். மாணவர்களும் அவர்களுக்குக் கற்பிப்போரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இவற்றில் ‘பிரே’ என்பதே மிகுதியாக வழங்கும் சொல் ஆதலால் அதற்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

‘பிரே’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் என்ன?

ஒரு விலங்கு உணவுக்காக வேட்டையாடிக் கொல்லும் மற்றொரு விலங்கு ‘பிரே’ எனப்படும். தமிழில் ‘இரை’ என்பது இதற்குப் பொருத்தமான சொல். இது ஓர் உயிரினத்தின் பெயரன்று, இரண்டு உயிர்களுக்கு இடையே உள்ள உறவின் பெயர். ஏரிக்கரையில் பூச்சியைப் பிடிக்கும் தவளைக்குப் பூச்சி இரை. அதே தவளை சாரைப்பாம்புக்கு இரை. அந்தச் சாரைப்பாம்பைப் பருந்து தூக்கும்போது பாம்பும் இரையாகிவிடுகிறது. ஆகவே ‘யாருக்கு இரை’ என்ற கேள்விக்கு வாக்கியத்தில் விடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. காட்டியல் நூல்களில் ‘பிரே ஸ்பீஷீஸ்’ என்று பொதுவாக எழுதும்போதும், குறிப்பிட்ட காட்டில் உள்ள ஊனுண்ணிகள் பெரும்பாலும் எவற்றைத் தின்று வாழ்கின்றனவோ அவற்றையே குறிக்கிறார்கள். ஜவ்வாது மலைக் காட்டின் புள்ளிமான் சிறுத்தைக்கு இரையினம். மலையடிவாரத்தில் உள்ள அமிர்தி விலங்கியல் பூங்காவில் சிறுத்தைக்கு எட்டாத வேலிக்குள் நிற்கும் புள்ளிமானும் அறிவியல் வகைப்பாட்டில் இரையினமே.

வீட்டு விலங்குக்கும் இச்சொல் பொருந்தும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் காட்டை ஒட்டிய சிற்றூர்களில் பட்டியிலிருந்து ஆட்டைச் சிறுத்தை தூக்கிச் சென்றதாகச் செய்தி வரும்போது, அந்த ஆட்டையும் ஆங்கிலத்தில் ‘பிரே’ என்றே எழுதலாம்.

அப்படியானால் தமிழில் ‘இரை’ என்று வரும் இடமெல்லாம் ‘பிரே’ என்று ஆங்கிலப்படுத்தலாமா?

கூடாது. தமிழின் ‘இரை’ ஆங்கிலச் சொல்லைவிட அகலமானது. பறவையும் விலங்கும் மீனும் தின்னும் எதுவும் நமக்கு இரைதான். கோழிக்கு இரை போடுகிறோம். அது கம்போ கேழ்வரகோ அரிசிக் குருணையோ ஆகலாம். குஞ்சுக்கு இரை தேடப் புறா போயிற்று என்கிறோம். அது கொண்டு வருவது தானியம். இந்த இடங்களில் ‘பிரே’ என்று எழுதினால், கேழ்வரகைப் புறா துரத்திக் கொன்றதாகப் பொருள்பட்டுவிடும். ‘ஃபீட்’ என்றோ ‘ஃபுட்’ என்றோதான் எழுத வேண்டும். தூண்டில் முள்ளில் குத்தும் மண்புழுவையும் இரை என்கிறோம். அதற்கு ஆங்கிலத்தில் ‘பெய்ட்’ என்று தனிச்சொல் உண்டு.

தமிழ்ச் சொல் தின்னும் வாயை நினைத்துப் பிறந்தது. ‘இரைப்பை’ என்ற சொல்லே அதற்குச் சான்று. ஆங்கிலச் சொல்லில் பிடிப்பதும் பறிப்பதும் முதன்மை. இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பது சொல்லின் வரலாற்றைப் பார்க்கும்போது தெரியும்.

‘பிரே’ பன்மையில் எப்படி வரும்?

பெயர்ச்சொல்லாக வரும்போது பொதுவாகப் பன்மை விகுதி சேர்ப்பதில்லை. ஒரு மானும் ‘பிரே’, நூறு மானும் ‘பிரே’. எண்ணிக்கை சொல்லியே ஆக வேண்டுமானால் ‘பிரே அனிமல்ஸ்’ என்று எழுதுவது தெளிவானது. ‘பிரேஸ்’ என்ற வடிவம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் வினைச்சொல்லே.

வினைச்சொல்லாக எப்படிப் பயன்படுத்துவது?

‘ஆன்’ அல்லது ‘அப்பான்’ என்ற முன்னிடைச்சொல் இல்லாமல் இந்த வினை வராது. தமிழில் ‘ஆந்தை எலியை வேட்டையாடும்’ என்று இரண்டாம் வேற்றுமை போட்டுச் சொல்லிப் பழகியவர்கள் ‘ஆந்தை’, ‘பிரேஸ்’, ‘எலி’ என மூன்று சொற்களையும் நேராக அடுக்கிவிடுகிறார்கள். விடைத்தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை இதுதான். ‘அவுல்ஸ் பிரே ஆன் ராட்ஸ்’ என்பதே சரி. செயப்பாட்டு வினையாக மாற்றும்போதும் அந்த இடைச்சொல் உதிர்வதில்லை. ‘ராட்ஸ் ஆர் பிரேய்ட் அப்பான் பை அவுல்ஸ்’ என்று அது வினையோடு ஒட்டிக்கொண்டே வரும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வினை ஒரு தடவை நடந்த வேட்டையைவிட, வழக்கமாக அமைந்த உணவுப் பழக்கத்தையே மிகுதியாகச் சொல்லும். நேற்று இரவு சிறுத்தை ஓர் ஆட்டைக் கொன்றது என்ற செய்திக்கு ‘கில்ட்’ போதும். மலையடிவாரத்துச் சிறுத்தைகள் ஆடுகளையும் நாய்களையும் பிடித்துத் தின்று வாழ்கின்றன என்ற பொதுக்கூற்றுக்கே ‘பிரே ஆன்’ பொருந்தும்.

வழிபடுவதைக் குறிக்கும் ‘பிரே’யும் இதுவும் ஒலியில் ஒன்றாக இருக்கின்றனவே, எப்படிப் பிரித்தறிவது?

ஒலியில் எந்த வேறுபாடும் இல்லை, எழுத்தில்தான் உண்டு. இரைக்குரிய சொல்லில் மூன்றாம் எழுத்து ‘இ’, வேண்டுதலுக்குரிய சொல்லில் ‘ஏ’. பி, ஆர், இ, ஒய் என்றால் இரை. பி, ஆர், ஏ, ஒய் என்றால் வேண்டுதல். தமிழரான நமக்கு இதை நினைவில் நிறுத்த ஒரு வசதி உண்டு. நம் மொழியிலும் இதே இரண்டு பொருள்கள் இதேபோல் நெருங்கிய ஒலிகளோடு நிற்கின்றன: இடையின ரகரம் வந்தால் ‘இரை’, வல்லின றகரம் வந்தால் ‘இறை’, ‘இறைஞ்சுதல்’. பேச்சில் இந்த ரகர றகர வேறுபாடு நம் வட்டாரத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது என்றாலும் எழுத்தில் அதைக் காப்பாற்றுகிறோம். அதே கவனத்தை ஆங்கிலச் சொல்லுக்கும் தந்தால் போதும்.

இந்தக் குழப்பம் மிகுதியாக நேரும் இடம் கும்பிடுபூச்சியின் ஆங்கிலப் பெயர். முன்னங்கால்களைக் கூப்பியபடி நிற்பதால் அதற்கு வேண்டுதலைக் குறிக்கும் ‘பிரேயிங் மேன்டிஸ்’ என்று பெயர். தமிழ்ப் பெயரும் அதே தோற்றத்தை வைத்தே அமைந்தது. ஆனால் அந்தப் பூச்சி அசையாமல் காத்திருந்து மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது என்பதால், இரைக்குரிய எழுத்துகளை இட்டு எழுதுவோர் ஆங்கிலேயரிலும் உண்டு. பொருள் பொருந்துவது போலத் தோன்றினாலும் பெயரின் எழுத்துகள் அவை அல்ல.

இச்சொல் எங்கிருந்து வந்தது?

இலத்தீன் மொழியில் ‘பிரைதா’ என்றால் கொள்ளைப்பொருள், போரில் பகைவரிடமிருந்து கவர்ந்து வந்த பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘பிரெய்’ ஆகி, நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் ஆங்கிலத்துக்குள் வந்தது. தொடக்க கால ஆங்கிலத்திலும் இச்சொல்லுக்குக் கொள்ளைப்பொருள் என்ற பொருள் இருந்தது. விலங்கின் வாயில் அகப்பட்டது என்ற பொருளே இன்று முன்னிற்கிறது. வேட்டையாடும் விலங்கைக் குறிக்கும் ‘பிரிடேட்டர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இலத்தீனில் அது கொள்ளையடிப்பவனைக் குறித்தது.

இந்தப் பழம்பொருள் வடஆர்க்காட்டாருக்கு அயலானதாக இருக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் ஒரு குழுவினர் மற்றொரு குழுவின் மாடுகளைக் கவர்ந்து செல்லும் வழக்கத்தைப் பற்றி எழுதிய பழைய ஆங்கிலத்தில், ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டு மந்தையையே இச்சொல்லால் குறித்தார்கள். நம் பக்கத்தில் அதே நிகழ்வு கல்லில் பதிவாகியிருக்கிறது. பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்ததும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருப்பதுமான செங்கம் வட்டாரத்தின் நடுகற்கள் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்காகப் பல்லவர் காலத்தில் நடப்பட்டவை. அவற்றில் மாட்டு மந்தைக்கு வழங்கும் சொல் ‘தொறு’. எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனைச் சொல்வதோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. வீரனின் உருவத்துக்கு அருகில் அந்த நாயின் உருவத்தையும் காணலாம். வெட்சியாரால், அதாவது ஆநிரை கவர்வோரால், ஓட்டிச் செல்லப்பட்ட தொறு, ‘பிரே’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளுக்கு மிக நெருக்கமானது. அதனால்தான் ஆங்கிலச் சொல்லில், பசியைவிடப் பறித்தலின் சாயல் இன்றும் ஓங்கி நிற்கிறது.

‘கேம்’ என்றால் விளையாட்டுதானே, அது எப்படி விலங்கைக் குறிக்கும்?

‘கேம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் மகிழ்ச்சி, களியாட்டு என்று பொருள்பட்ட சொல். அரசரும் பிரபுக்களும் வேட்டையைக் களியாட்டாகக் கொண்டிருந்ததால், வேட்டை என்ற செயலுக்கும், பின்னர் வேட்டையில் கிடைக்கும் விலங்குக்கும் அதுவே பெயராயிற்று. இந்தப் பொருளில் ‘கேம்’ என்றால் மனிதன் பொழுதுபோக்குக்காகவோ இறைச்சிக்காகவோ வேட்டையாடும் காட்டுவிலங்கும் பறவையும். புலி வேட்டையாடும் மானை ‘கேம்’ என்று சொல்வதில்லை. பசியுள்ள விலங்கு எதிரில் நிற்கும்போது மான் ‘பிரே’. துப்பாக்கியும் அனுமதியும் உடைய மனிதன் எதிரில் நிற்கும்போது ‘கேம்’.

இச்சொல் இந்தியச் சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. நீலகிரியின் விலங்குகளையும் மீன்களையும் பற்றி 1879இல் சென்னை மாகாணம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே ‘கேம்’ உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் அட்டவணைகளில் ‘பிக் கேம்’, ‘ஸ்மால் கேம்’ என்ற பிரிவுகளும், அவற்றுக்குத் தனித்தனி வேட்டை உரிமங்களும் இருந்தன. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம முறையை நீக்கியது. ஆகவே பழைய அரசு ஆவணத்தில் ‘ஸ்மால் கேம்’ என்று கண்டால் ‘சிறு விளையாட்டு’ என்று எழுதிவிடாமல் ‘சிறு வேட்டை விலங்குகள்’ என்று எழுத வேண்டும். முயலும் கவுதாரியும் காடையும் இந்தப் பிரிவை விளக்க ஏற்ற எடுத்துக்காட்டுகள். இதை வைத்து முயல் வேட்டைக்கு இன்றும் இடமுண்டு என்று எவரும் கொண்டுவிடக் கூடாது. அந்தச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் கண்ணி வைத்துப் பிடிப்பதும், விரட்டுவதும், பிடிப்பதற்காக இரை வைத்து ஈர்ப்பதும்கூட அடங்கும்.

‘ஃபேர் கேம்’ என்ற தொடர் இங்கிருந்து வந்ததே. தடையின்றி வேட்டையாடலாம் என்ற நிலையில் உள்ள விலங்கு என்பது அதன் மூலம். இன்று, ‘யாரும் தாக்கலாம், குறைகூறலாம் என்ற நிலையில் இருப்பவர்’ என்று பொருள். ‘நேர்மையான விளையாட்டு’ என்பதற்கு ‘ஃபேர் பிளே’ என்ற வேறு தொடர் உண்டு. இரண்டையும் மாற்றி எழுதுவோர் பலர்.

‘குவாரி’ என்றால் கல்குவாரி அல்லவா?

வேலூரைச் சுற்றிக் கல் உடைக்கும் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறெதுவும் தோன்றாததில் வியப்பில்லை. ஒரே எழுத்துகளும் ஒரே ஒலியும் உடைய இரண்டு தனிச்சொற்கள் இவை. கல்குவாரி, சதுரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து, கல்லைச் சதுரமாக வெட்டியெடுக்கும் இடம் என்ற கருத்தில் வந்தது. வேட்டைக்குரிய ‘குவாரி’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது; கொன்ற மானின் குடல் முதலியவற்றை அதன் தோலின்மேல் பரப்பி வேட்டை நாய்களுக்குத் தரும் பங்குக்கு அந்தப் பெயர் இருந்தது. பின்னர் நாய்கள் துரத்தும் விலங்கையே அது குறிக்கலாயிற்று.

‘குவாரி’யில் துரத்தலே உயிர். இன்னும் பிடிபடாத, தேடப்படும், பின்தொடரப்படும் குறிப்பிட்ட ஒரு விலங்கே அது. காட்பாடிப் பக்கத்து வள்ளிமலையைப் பற்றி மக்கள் வழங்கும் கதை இதற்கு நல்ல விளக்கம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடன் உருவில் வந்து, தான் துரத்தி வந்த மான் இப்பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அகப்பொருள் நூல்கள் இத்தகைய கேள்வியைக் ‘கெடுதி வினாதல்’ (தொலைந்ததைப் பற்றிக் கேட்டல்) என்று சொல்லும். கோவை நூல்களில் யானையையும் கலைமானையும் வினவும் துறைகள் உண்டு. அந்த மானை ஆங்கிலத்தில் எழுத வேண்டுமானால் ‘குவாரி’ என்பதே மிகப் பொருத்தம். ‘பிரே’ என்றால் முருகன் அதைத் தின்னத் துரத்தினான் என்ற நினைப்பு வந்துவிடும். ‘கேம்’ என்றால் அது குறிப்பிட்ட ஒரு மானாக இல்லாமல் பொதுப்பெயராகிவிடும்.

இதைத் தமிழில் ஒரே சொல்லால் கட்ட முயல வேண்டியதில்லை. ‘துரத்திச் சென்ற விலங்கு’ என்று விரித்தெழுதுவதே தெளிவானது. குற்றவாளியைத் தேடும் காவலரைப் பற்றிய செய்தியில் ‘குவாரி’ வந்தால் ‘தேடப்பட்டவர்’ என்று எழுதலாம்.

மூன்று சொற்களும் ஒரே விலங்குக்குப் பொருந்துமா?

பொருந்தும். ஜவ்வாது மலையடிவாரத்தில் நிலக்கடலைக் கொல்லைக்குள் இறங்கும் ஒரு காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்வோம். சிறுத்தைக்கு அது ‘பிரே’. உரிமத்தோடு வேட்டையாடிய அந்தக் காலத்து அதிகாரியின் குறிப்பேட்டில் அது ‘கேம்’. நாயைவிட்டுத் துரத்தியவனுக்குப் புதரில் மறையும்வரை அது ‘குவாரி’. கொல்லைக்காரருக்கோ அது இந்த மூன்றும் அன்று, பயிரை அழிக்கும் ‘பெஸ்ட்’. மொழிபெயர்ப்பவர் விலங்கைப் பார்க்காமல், அதை யார் பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும்.

‘பேர்ட் ஆஃப் பிரே’ என்பதற்குத் தமிழ் என்ன?

‘கொன்றுண்ணிப் பறவை’ என்பது பறவை நூல்களில் வழங்கும் சொல். ‘வேட்டைப் பறவை’ என்றும் எழுதலாம். ‘இரைப் பறவை’ என்று எழுதினால் மற்றொன்றுக்கு இரையாகும் பறவை என்று தலைகீழாகிவிடும். பருந்து, வல்லூறு, கழுகு ஆகியவை இதில் அடங்கும். செத்ததைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகையும் ஆங்கிலத்தில் இவ்வகையில் சேர்ப்பதுண்டு.

மனிதர்களைக் குறிக்கும்போது ‘பிரே’க்கும் ‘விக்டிம்’க்கும் என்ன வேறுபாடு?

சாலை விபத்திலோ வெள்ளத்திலோ துன்புற்றவர் ‘விக்டிம்’. அங்கே அவரை வேட்டையாடியவர் எவரும் இல்லை. ‘பிரே’ என்ற சொல்லில், ஒருவரின் தனிமையையோ முதுமையையோ வறுமையையோ குறிவைத்து அணுகும் இன்னொருவர் உண்டு. கூடுதல் வட்டி என்று ஆசைகாட்டி ஓய்வூதியப் பணத்தைக் கறப்பவர்களைப் பற்றி ‘தே பிரே ஆன் தி எல்டர்லி’ என்று எழுதினால், குற்றம் முழுவதும் செய்தவர் மீது விழுகிறது. ஏமாந்தவரின் ஆசை பேச்சுக்கே வருவதில்லை. அந்த நேர்மைக்காகவே இந்த வினை இங்கே பொருத்தமான தேர்வு என்பது என் கருத்து. ‘ஈஸி பிரே’ என்றால் எளிதில் சிக்கக்கூடியவர்.

‘ஃபால் பிரே டு’ என்பதை ‘இரையானார்’ என்று மொழிபெயர்க்கலாமா?

பெரும்பாலும் கூடாது. இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் நோய்க்கு ‘ஃபெல் பிரே’ என்றால் அந்த நோய் அவரைப் பற்றியது என்பதே பொருள். அவர் பிழைத்தாரா இல்லையா என்று அத்தொடர் சொல்வதில்லை. தமிழில் ‘டெங்குவுக்கு இரையானார்’ என்றாலோ ‘பலியானார்’ என்றாலோ அவர் இறந்துவிட்டார் என்றே படிப்பவர் கொள்வார். பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வந்து தங்கும் நம் ஊரில், மருத்துவச் செய்தியை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை நாள்தோறும் நடக்கிறது. உயிரோடு படுக்கையில் இருப்பவரைச் சாகடித்துவிடும் ஒரு சொல், அவருடைய வீட்டாரை எப்படிப் பதறவைக்கும் என்று எழுதுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நோய் என்றால் ‘ஆளானார்’, மோசடி என்றால் ‘சிக்கினார்’ அல்லது ‘ஏமாற்றப்பட்டார்’, வதந்தி என்றால் ‘நம்பிவிட்டார்’ என்று இடத்துக்கேற்ப எழுதுவதே முறை. இறப்பு உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே ‘பலியானார்’ என்று எழுதலாம். அங்கும் ‘உயிரிழந்தார்’ என்பது மேலும் தெளிவு.

‘குடிசைகள் தீக்கு இரையாயின’ என்ற செய்தி நடையை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

‘டெஸ்ட்ராய்ட் பை ஃபயர்’ என்று நேராக எழுதினால் போதும். தீ தின்னும் என்ற கற்பனை தமிழில் இயல்பாக ஒட்டியது. அதை ‘பிரே’ கொண்டு ஆங்கிலத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

‘இட் பிரேஸ் ஆன் மை மைண்ட்’ என்றால் என்ன?

ஒரு கவலை விடாமல் மனத்தை அரிக்கிறது என்று பொருள். ‘என் மனத்தை வேட்டையாடுகிறது’ என்று எழுதுவதைவிட, ‘அந்த நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது’ என்பது தமிழ். இங்கும் ‘ஆன்’ விடுபடக் கூடாது. இந்தத் தொடரில் இடைச்சொல்லை விட்டுவிட்டு எழுதினால் மதிப்பெண் குறையும்.